லண்டனில் வெறுமையாகக் கிடக்கும் உதைபந்தாட்ட ஆசனம்: வன்னிக்கு விடுமுறையில் வரும் பருவச்சீட்டுக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

மார்கழியில் லண்டனிலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்திறங்கும் உறவினர்களில் ஒரு சாரார், பெட்டிகளை விறாந்தையில் வைத்த கையோடு, வீட்டில் இணைய இணைப்பு எப்படி என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். என் அத்தானும் அவர்களில் ஒருவர். இங்கிலாந்தின் உயர்மட்ட உதைபந்தாட்டத் தொடரான பிரீமியர் லீக்கில் ஆடும் கழகமொன்றின் பருவச்சீட்டை, அதாவது நாங்கள் பேச்சில் சீசன் ரிக்கெற் என்று சொல்வதை, அவர் பல வருடங்களாக வைத்திருக்கிறார். அவர் பரந்தனில் எங்களுடன் நிற்கும் மூன்று, நான்கு வாரங்களுக்குள் அந்தக் கழகம் தன் சொந்த மைதானத்தில் இரண்டு மூன்று போட்டிகளை ஆடி முடித்துவிடும். பருவம் தொடங்குமுன்பே பணம் கட்டி எடுத்த ஆசனம் அந்த நாட்களில் வெறுமையாகக் கிடக்கும்.

கடந்த முறை அவர் வந்தபோது அந்த ஆசனத்துக்கு ஓர் ஆள் தானாகவே வந்து சேர்ந்தார். அவர் எதிரணியின் ரசிகர். லண்டனில் வேலை செய்யும் நம்மூர்க்காரர் ஒருவரின் நண்பர். "அத்தான், மூன்று மடங்கு தாறாராம், என்ன சொல்ல?" என்று வட்ஸ்அப் செய்தியை வாசித்துக் காட்டியவனும் நான்தான், சம்மதம் என்று தட்டச்சு செய்யத் தொடங்கியவனும் நான்தான். அத்தான் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, கழகத்தின் விதிகள் இருந்த பக்கத்தைத் திறந்து, அதை முழுவதுமாக வாசிக்கும்படி என்னிடமே திருப்பித் தந்தார். அன்று வாசித்தவற்றையும், அதன் பின்னர் அந்த ஆசனத்தை ஒழுங்கான வழியில் கைமாற்றியபோது கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இது பெரும்பாலும் இங்கிலாந்தின் கழகங்களைப் பற்றியது. மற்ற நாடுகளில் சீட்டு வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகளை இறுதியில் தருகிறேன்.

எதையும் தொடங்குமுன்: ஆசனம் உங்களுடையது அல்ல

பருவச்சீட்டுக்காரரில் பலர் தாம் ஓர் ஆசனத்தை விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் வாங்கியிருப்பது, ஒரு பருவத்தில் நடக்கும் சொந்த மைதானப் போட்டிகளை அந்த இடத்திலிருந்து பார்ப்பதற்கான அனுமதியை மட்டுமே. சீட்டும் அதன் உரிமையும் கழகத்திடமே இருக்கின்றன. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் தேவைப்படாது. குத்தகைக்கு எடுத்த காணியில் நெல் விதைக்கலாம், அறுவடை செய்யலாம். ஆனால் அதே காணியைக் காணிக்காரரிடம் கேளாமல் இன்னொருவருக்கு உள்குத்தகை கொடுத்துவிட்டு, நான்தானே காசு கட்டினேன் என்று வாதிட முடியாது.

குத்தகை உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. உள்குத்தகை கொடுத்தவர் காணிக்காரரின் கோபத்தை மட்டும் எதிர்கொள்வார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உதைபந்தாட்டச் சீட்டை அனுமதியின்றி விற்பவர் நீதிமன்றத்தையும் எதிர்கொள்ளக்கூடும். 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, போட்டி ஏற்பாட்டாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாத ஒருவர் குறிப்பிட்ட வகையான உதைபந்தாட்டப் போட்டிகளுக்குரிய சீட்டை விற்பதையும், வேறு வகையில் கையளிப்பதையும் குற்றமாக்குகிறது. பிரீமியர் லீக் போட்டிகள் அந்த வகைக்குள் அடங்குகின்றன. கிரிக்கெட் போட்டிக்கோ இசை நிகழ்ச்சிக்கோ எடுத்த சீட்டு மிஞ்சிப்போனால் இந்தப் பிரிவு குறுக்கே வருவதில்லை. அதனால்தான், லண்டனில் பத்து வருடம் வாழ்ந்தவர்கள்கூட உதைபந்தாட்டத்தையும் அவற்றோடு ஒன்றாக எண்ணித் தவறு செய்கிறார்கள்.

இந்தச் சட்டத்தில் நம்மவர் கவனிக்கத் தவறும் மூன்று விடயங்கள் உள்ளன. முதலாவது, இலாபம் இருந்தால்தான் குற்றம் என்பதில்லை; சீட்டின் முகப்பெறுமதிக்கே விற்றாலும், அதற்கும் குறைவாக விற்றாலும், அனுமதி இல்லையென்றால் அது குற்றமே. இரண்டாவது, 2006ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர், விற்பதாகச் சொல்வதும், விளம்பரம் செய்வதும், மற்றொருவர் விற்பதற்காகக் கொடுத்துவைப்பதும் விற்பனை என்பதற்குள் அடங்குகின்றன. ஊர்ச்சங்கத்தின் முகநூல் குழுவில் "சனிக்கிழமை மட்ச்சுக்கு ஒரு ரிக்கெற் இருக்கு, விரும்பினவை தொடர்புகொள்ளுங்கோ" என்று இடும் ஒற்றை வரியே போதுமானது. மூன்றாவது, வேறொரு பொருளுக்கோ சேவைக்கோ பணம் தருபவரிடம் சீட்டைச் சேர்த்துக் கொடுப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது.

மூன்றாவது விடயத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்களிடம் வந்த யோசனைகளில் மிகவும் சாதுரியமானதாகத் தோன்றியதும் அதைப் போலவே விற்பனையை மறைக்கப் பார்த்த ஒன்றுதான். லண்டனில் பணமே கைமாற வேண்டாம், வாங்குபவரின் உறவினர் கிளிநொச்சியில் ரூபாயாகத் தந்துவிடுவார், உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் நடக்கும் பணமாற்றில், காசு வருவதுபோல வந்து சேரும், யாருக்கும் தெரியாது என்றார்கள். பணம் எந்த நாட்டில், எந்த நாணயத்தில் கொடுக்கப்பட்டாலும் விலைக்குக் கொடுத்த சீட்டு விலைக்குக் கொடுத்த சீட்டுத்தான். அதைவிட, அத்தானின் பிழையில் பரந்தனில் இருக்கும் மாமியின் பெயரையும் இழுத்துவிடுவதைத் தவிர அந்த ஏற்பாட்டால் எந்த நன்மையும் இல்லை.

தண்டனையாக அபராதம் விதிக்கப்படலாம். 2015க்குப் பின்னர் இந்த வகை அபராதத்துக்கு மேலெல்லை கிடையாது. போட்டிகளுக்குச் செல்வதைத் தடுக்கும் நீதிமன்றக் கட்டளையும் பிறப்பிக்கப்படக்கூடும். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர், குற்றத் தீர்ப்பு எதையும் அடுத்த விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. வழக்குவரை போகாத இடங்களிலும் கழகம் தன் நடவடிக்கையை எடுத்துவிடும். சில கழகங்களில் பருவச்சீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் பல வருட நீளமானது. ஒரு போட்டியில் கிடைக்கும் நூறு, இருநூறு பவுண்களுக்காக அந்த இடத்தை இழப்பது, என் கணக்கில், விதைநெல்லை அவித்துத் தின்பதற்குச் சமம்.

எதிரணி ரசிகர் என்றால் ஏன் இத்தனை கடுமை

இந்தச் சட்டம் விலையைக் கட்டுப்படுத்துவதற்காக மட்டும் பிறந்ததல்ல. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட்டுக்கும் இடையிலான எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியின்போது ஏற்பட்ட நெரிசலில் 97 பேர் உயிரிழந்தனர். ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்று 2016இல் மரண விசாரணையின் ஜூரிமார் தீர்மானித்தார்கள். ஆனால் அந்த அழிவை விசாரித்த நீதிபதி டெய்லர் பிரபு 1990 ஜனவரியில் வெளியிட்ட இறுதி அறிக்கை, மைதானங்களில் கூட்டத்தை நிர்வகிக்கும் முறையையே முழுமையாக ஆராய்ந்தது. யார் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பது ஏற்பாட்டாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலையில், கள்ளச்சந்தைச் சீட்டு அந்த ஒழுங்கைக் குலைக்கிறது என்பதும் அங்கு பேசப்பட்டது. 1994ஆம் ஆண்டின் சட்டம் அந்தப் பாதையில் வந்ததாகும்.

முல்லைத்தீவிலோ மன்னாரிலோ ஒரு சுற்றுப்போட்டியைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது சற்று வினோதமாகவே இருக்கும். நாங்கள் மைதானத்தின் எல்லைக் கோட்டைச் சுற்றி நின்று, எதிர்க் கழகத்தின் ஆட்களோடு தோளுரசிக்கொண்டு, அவர்களுடைய கோல்காப்பாளரைக் கேலி செய்தபடியே அவர்கள் வாங்கிய கச்சானைத் தின்றிருக்கிறோம். அங்கே அப்படியல்ல. பிரீமியர் லீக் போட்டிகளில் வருகை தரும் அணியின் ரசிகர்களுக்கு 3,000 ஆசனங்கள்வரை, அல்லது சிறிய மைதானமாயின் கொள்ளளவில் 10 வீதம், தனிப் பகுதியாக ஒதுக்கப்படுகின்றன. அவர்களுக்குத் தனி வாயில், தனிக் காவல் ஏற்பாடு உண்டு. மீதிப் பகுதி முழுவதும் உள்ளூர் அணியின் ரசிகர்களுக்கு உரியது. அங்கே எதிரணியின் சட்டையோடு இருப்பவரை, அல்லது எதிரணி கோல் போட்டதும் துள்ளியெழுந்தவரை, அரங்கப் பணியாளர்கள் வெளியேற்றலாம். வெளியேற்றுமுன் அவருடைய ஆசன எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அந்த எண் உங்கள் கணக்கில்தான் பதிவாகியிருக்கும். உங்கள் சீட்டில் வந்தவரின் நடத்தைக்கு நீங்களே பொறுப்பு என்று கழக விதிகள் பொதுவாகச் சொல்கின்றன.

ஒவ்வொருவரும் தன்னுடைய ஒரேயொரு சீட்டைத்தானே விற்கிறோம் என்று நினைத்தால் என்ன நேரும் என்பதற்கு, பார்சலோனாவில் 2022 ஏப்ரல் 14ஆம் திகதி நடந்ததைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. எங்களுக்கு அன்று சித்திரைப் புத்தாண்டு. அவர்களுக்குப் பெரிய வியாழன். உயிர்ப்பு ஞாயிறு விடுமுறைக்கு ஊரை விட்டுப் போயிருந்த பார்சலோனாக் கழகத்து உறுப்பினர் பலருடைய ஆசனங்கள் அன்று எதிரணியின் கைக்குப் போயிருந்தன. யூரோப்பா லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்துக்காக, ஜேர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட் கழகத்துக்கு ஏறக்குறைய 5,000 சீட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் பார்சலோனாவின் காம்ப் நோ மைதானத்துக்குள் ஏறக்குறைய 30,000 ஃபிராங்ஃபர்ட் ரசிகர்கள் வெள்ளைச் சட்டையோடு இருந்தார்கள். இணையத்தில் நேரடியாக வாங்கப்பட்டவை ஒரு பகுதி, மீள்விற்பனையில் கைமாறியவை இன்னொரு பகுதி. பார்சலோனாவின் தீவிர ரசிகர் குழுவினர் எதிர்ப்பைக் காட்டுவதற்காக இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் தங்கள் இடங்களை வெறுமையாக விட்டார்கள். ஃபிராங்ஃபர்ட் 3–2 என்று வென்றது. அடுத்த மாதம் கிண்ணத்தையும் எடுத்தது. நடந்தது தனக்கு வெட்கமாக இருப்பதாகக் கழகத் தலைவர் லபோர்ட்டா வெளிப்படையாகச் சொன்னார். சர்வதேசப் போட்டிகளுக்கு இனிப் பெயர் குறித்த சீட்டு முறை வரும் என்ற அறிவிப்பும் வெளிவந்தது.

முதற்படி: விடுமுறை நாட்களையும் போட்டி அட்டவணையையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்

பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 38 போட்டிகளை ஆடுகிறது, அவற்றில் 19 சொந்த மைதானத்தில் நடைபெறுகின்றன. வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்காக மட்டும் வருபவருக்கு இந்த வழிகாட்டி பெரிதாகத் தேவைப்படாது. அந்தக் காலத்தில் பருவம் முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். மடு மாதாவின் ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்கு வருபவர் பருவத்தின் முதற் போட்டியைத் தவறவிடக்கூடும். நத்தாரிலிருந்து தைப்பொங்கல்வரை நிற்பவருக்கே இழப்பு அதிகம், ஏனெனில் இங்கிலாந்தில் போட்டிகள் மிக நெருக்கமாக நடப்பது அந்த நாட்களில்தான்.

அட்டவணை ஜூன் மாதத்தில் வெளிவந்தாலும் அதில் உள்ள திகதிகளை இறுதியானவை என்று கொள்ள வேண்டாம். தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சனிக்கிழமைப் போட்டி ஞாயிறுக்கோ திங்களுக்கோ நகர்த்தப்படுவது வழக்கம். ஆகவே விமானச்சீட்டை எடுக்கும்போது ஒரு தடவையும், கட்டுநாயக்காவுக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் இன்னொரு தடவையும் பார்த்துக்கொள்ளுங்கள். நகர்ந்த போட்டி ஒன்று நீங்கள் திரும்பிய மறுநாளுக்கு வந்து விழுந்து, ஏற்கெனவே கைமாற்றிவிட்ட ஆசனத்தை நினைத்து வருந்த நேரிடலாம்.

இரண்டாம்படி: லண்டனில் இருக்கும்போதே கணக்கை ஆயத்தப்படுத்துங்கள்

எங்களுக்கு அதிகச் சிரமம் தந்தது இந்த இடம்தான். கழகத்தின் இணையக் கணக்குக்குள் நுழையும்போது ஒருமுறைக் கடவுச்சொல் ஒன்று அனுப்பப்படுகிறது. அது போய்ச் சேர்வது அத்தானின் இங்கிலாந்து இலக்கத்துக்கு. அவரோ செலவுக்கு அஞ்சி அந்தச் சிம்மைக் கழற்றிப் பணப்பையில் வைத்துவிட்டு, இங்கு வாங்கிய சிம்மைப் போட்டிருந்தார். அதை மீண்டும் மாற்றி, சிக்னல் தேடி வீட்டு முற்றத்தின் நான்கு மூலைக்கும் நடந்து, கடவுச்சொல் வந்து சேர்ந்தபோது அதன் ஆயுள் முடிந்திருந்தது. ஏ9 வீதியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் காட்டோரக் கிராமங்களில் தங்குபவர்கள் இதைவிட அதிகம் அலைய நேரிடும்.

எனவே புறப்படுவதற்கு முன்னரே கணக்கில் மின்னஞ்சல் முகவரி சரியாக உள்ளதா என்று பாருங்கள். கடவுச்சொல் மின்னஞ்சலுக்கும் வரும்படி மாற்ற முடியுமாயின் மாற்றிவிடுங்கள். கழகத்தின் செயலியைத் தொலைபேசியில் நிறுவி ஒரு தடவை உள்நுழைந்து பாருங்கள். இலங்கையில் இருக்கும்போது குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீள்விற்பனைப் பணம் வங்கிக்கு வருமாயின், வங்கி விபரத்தையும் அங்கிருந்தே பதிவு செய்துவிடுவது நல்லது.

நேர வித்தியாசத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறுவரை இலங்கை நான்கரை மணித்தியாலம் முன்னால் இருக்கும். மற்றக் காலத்தில் ஐந்தரை மணித்தியாலம். டிசெம்பர் மாதச் சனிக்கிழமையில் அங்கு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் போட்டி இங்கு இரவு 8.30க்குத் தொடங்கும்; வாரநடுவில் இரவு 8 மணிக்குத் தொடங்குவது இங்கு மறுநாள் அதிகாலை 1.30க்கு வந்துவிடும். கழகம் விதித்திருக்கும் இறுதி நேரங்கள் எல்லாம் அங்குள்ள நேரப்படியே இருக்கும்.

மூன்றாம்படி: கழகத்தின் சொந்த மீள்விற்பனை முறையில் ஆசனத்தை விடுவியுங்கள்

பெரிய கழகங்களிடம் அதிகாரபூர்வமான சீட்டுப் பரிமாற்ற முறை உண்டு. நீங்கள் வராத போட்டியைத் தெரிவுசெய்து ஆசனத்தை அங்கே விடுவித்தால், கழகத்தின் உறுப்பினர் ஒருவர் அதை வாங்கிக்கொள்வார். கழகமே விற்பதால் 166ஆம் பிரிவைப் பற்றிய அச்சம் எழாது. உறுப்பினருக்கே விற்பதால் எதிரணி ரசிகர் வந்து அமரும் வாய்ப்பும் குறைகிறது.

விலையைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல. பொதுவாகப் பருவச்சீட்டின் விலையைப் போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகையே கணக்கில் எடுக்கப்படும். கணக்குக்காக, 950 பவுண் கட்டியவருக்கு 19 போட்டிகள் என்றால் ஒரு போட்டிக்கு 50 பவுண் வரும். அதிலிருந்து சேவைக் கட்டணத்தைக் கழகம் கழிக்கலாம். எதிரணி ரசிகர் சொன்ன மும்மடங்கோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். ஆனால் நான்கு போட்டிகளை இப்படி விடுவித்தவருக்கு அடுத்த பருவத்தின் புதுப்பிப்பில் கணிசமான தொகை குறையும்.

சில நுணுக்கங்களை இங்கே கவனிக்க வேண்டும். போட்டிக்கான சீட்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்த பின்னரே சில கழகங்கள் பரிமாற்றத்தைத் திறக்கின்றன. ஆகவே கவர்ச்சியற்ற போட்டி ஒன்றில் உங்கள் ஆசனம் விற்காமலே போகக்கூடும். விடுவித்த ஆசனம் விற்கப்படும்வரை அதைத் திரும்பப் பெறலாம், விற்ற பின்னர் முடியாது. விற்காவிட்டால் பணம் கிடையாது. ஆனால் வராதவர் என்று கழகம் உங்களைக் கணக்கிடும்போது, விடுவித்திருந்தீர்கள் என்ற பதிவு பல கழகங்களில் உங்களுக்குச் சாதகமாக இருக்கும். ஒரு பருவத்தில் குறைந்தபட்சம் இத்தனை போட்டிகளுக்கு ஆசனம் பயன்படுத்தப்பட வேண்டும் என்ற விதியும் இப்போது பரவி வருகிறது. எனவே விற்குமோ விற்காதோ, வர முடியாத போட்டிகளை முன்கூட்டியே விடுவித்து வையுங்கள். அத்தான் அன்று மாலை ஆறு மணிக்கு விடுவித்த ஆசனம், நாங்கள் புட்டுச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவதற்குள் விற்றுப்போயிருந்தது.

நான்காம்படி: உறவினருக்கோ நண்பருக்கோ கொடுப்பதாயின் செயலியின் வழியாகவே கொடுங்கள்

பணம் வாங்காமல் தம்பிக்குக் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கழகம் அனுமதித்த வழியில் கொடுத்தால் ஒன்றுமில்லை. பெரும்பாலான கழகங்களில், உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்ட நண்பர், உறவினர் பட்டியலில் உள்ள ஒருவருக்கு ஒரு போட்டிக்கான சீட்டை மின்னணு முறையில் அனுப்பலாம். அவரும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சில கழகங்கள் கேட்கின்றன. ஒரு பருவத்தில் எத்தனை தடவை அனுப்பலாம் என்று வேறு சில எல்லை வைக்கின்றன. சிறுவருக்கோ முதியவருக்கோ உரிய சலுகைச் சீட்டில் வளர்ந்தவர் ஒருவர் போவதாயின், வித்தியாசப் பணத்தைக் கட்டித் தரமுயர்த்திய பின்னரே அனுப்ப வேண்டும்.

சீட்டு ஏற்றிய பழைய தொலைபேசியையே மருமகனிடம் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அது வாயிலில் வேலை செய்தாலும், உள்ளே ஏதேனும் பிரச்சினை எழும்போது அந்த இடத்தில் இருந்தவர் நீங்களே என்று பதிவு சொல்லும். நீங்களோ அந்த நேரத்தில் புதுக்குடியிருப்பில் கலியாண வீட்டில் இருந்திருப்பீர்கள்.

ஐந்தாம்படி: எதிரணி ரசிகரான உறவினருக்குச் சொல்ல வேண்டிய பதில்

இதுதான் மிகக் கடினமான இடம், ஏனென்றால் பல வேளைகளில் எதிரணி ரசிகர் முன்பின் தெரியாத ஆள் அல்லர். சொந்த மருமகனாகவே இருப்பார். வன்னியில் ஒரே வீட்டில் அண்ணன் ஆர்சனலுக்கும் தம்பி மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கும் இருப்பது சாதாரணம். அந்தத் தம்பி படிப்பதற்காக இங்கிலாந்து போன முதல் மாதத்திலேயே, தன் அணி லண்டனுக்கு வரும் நாளைப் பார்த்து, "மாமா, நீங்கள் ஊரிலதானே நிக்கிறியள், உங்கட ரிக்கெற்றைத் தாங்கோவன்" என்று கேட்பான். அமைதியாக இருப்பேன், சட்டை போடமாட்டேன் என்று சத்தியமும் செய்வான். தொண்ணூறாவது நிமிடத்தில் தன் அணி கோல் போடும்போது எந்தச் சத்தியமும் நினைவுக்கு வராது என்பது உதைபந்தாட்டம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். உறவுக்காக இறங்கிப் போகக்கூடாத இடம் இது என்றே நான் சொல்வேன். அவனுக்குத் தர வேண்டியது சீட்டு அல்ல, போகக்கூடிய வழி.

அந்த வழி அவனுடைய கழகத்தின் ஊடாக இருக்கிறது. அவன் தன் கழகத்தில் உறுப்பினராகி, வெளிமைதானப் போட்டிக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வேண்டும். பிரீமியர் லீக்கில் வருகை தரும் வளர்ந்த ரசிகரின் சீட்டுக்கு 2016–17 பருவத்திலிருந்து 30 பவுண் என்ற உச்ச விலை நடைமுறையில் உள்ளது. ஆகவே கிடைத்தால் அது கள்ளச்சந்தை விலையோடு ஒப்பிடவே முடியாத மலிவு. கிடைப்பதுதான் கடினம், ஏனெனில் முன்பு பல போட்டிகளுக்குப் போனவர்களுக்கே முன்னுரிமை தரப்படுகிறது. எஃப்.ஏ. கிண்ணப் போட்டிகளில் வருகை தரும் அணி 15 வீதம்வரை கேட்கலாம் என்பதால், அங்கே வாய்ப்புச் சற்று அதிகம். இவை ஒன்றும் சரிவராவிட்டால், தன் அணியின் சொந்த மைதானத்துக்கே போய், அங்குள்ள பரிமாற்ற முறையில் ஒரு சீட்டு எடுக்கலாம். பெண்கள் லீக் போட்டிகளில் இரு அணி ரசிகர்களும் பெரும்பாலும் கலந்தே அமர்கிறார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். எங்கள் ஊர் மைதானத்தின் மணம் அங்கே கொஞ்சம் உண்டு.

முன்பின் தெரியாதவர் கேட்டால் பதில் ஒரே வரியில் முடியட்டும். விலை பேச வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றும் சொல்ல வேண்டாம், வேறொருவரின் சீட்டைக் காட்டிவிடவும் வேண்டாம். கழகத்தின் பரிமாற்ற முறையில் பாருங்கள் என்று சொல்வது போதும்.

ஏற்கெனவே சம்மதித்துவிட்டவர் என்ன செய்யலாம்

போட்டி இன்னும் நடக்கவில்லையாயின் பணத்தை உடனே திருப்பிக் கொடுத்து, இட்ட விளம்பரத்தை நீக்கி, சீட்டைச் செயலியில் மீட்டெடுத்து, பரிமாற்ற முறையில் விடுவியுங்கள். போட்டி முடிந்து கழகத்திடமிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்திருந்தால், சிம் வேலை செய்யவில்லை, தொலைபேசி களவு போனது என்று கதை கட்ட வேண்டாம். குறித்த காலத்துக்குள் நடந்ததை எழுதுங்கள். பொலிஸாரிடமிருந்து தொடர்பு வந்தால் சட்டத்தரணியிடம் கேட்காமல் எதையும் எழுத வேண்டாம்.

மற்ற நாடுகளில் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு

பிரான்ஸில் 2012ஆம் ஆண்டின் சட்டம், ஏற்பாட்டாளரின் அனுமதியின்றி வழக்கமாகச் சீட்டு மீள்விற்பனை செய்பவருக்கு 15,000 யூரோ அபராதம் விதிக்க இடமளிக்கிறது. ஒரேயொரு தடவை என்பதும் வழக்கமாக என்பதும் அங்கே வேறுபடுகின்றன. ஜேர்மனியில் உங்களைக் கட்டுப்படுத்துவது முதன்மையாகக் கழகத்தின் ஒப்பந்த விதிகள். அங்கும் கழகங்களின் சொந்த மீள்விற்பனைத் தளங்கள் உண்டு. பார்சலோனாவில் உறுப்பினர் தம் ஆசனத்தைக் கழகத்திடமே விடுவித்துப் பணத்தில் ஒரு பகுதியைப் பெறும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. வட அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே அணிகளே மீள்விற்பனைத் தளங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன, எதிரணி ரசிகர் அரங்கின் பாதியை நிரப்புவதும் பல இடங்களில் நடக்கிறது. ரொறன்ரோவில் உள்ள ஒன்றுவிட்ட தம்பி அப்படிச் செய்து பணம் பெற்றான் என்பதற்காக லண்டனில் உள்ள அண்ணன் அதைப் பின்பற்ற முடியாது. விலை எல்லையும் விதிகளும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுவதால், கனடாவில் இருப்பவர் தன் சீட்டை விற்ற அணியின் தளத்திலேயே விற்பது பாதுகாப்பானது.

திரும்பிப் போன பின்னர்

விடுவித்த ஒவ்வொரு போட்டிக்கும் உரிய தொகை கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று, புதுப்பிப்புக் கடிதம் வருவதற்கு முன்னரே சரிபாருங்கள். அத்தானின் கணக்கில் மூன்று போட்டிகளில் இரண்டே பதிவாகியிருந்தன; விற்றுவிட்டதாக அன்றிரவு வந்த மின்னஞ்சலை அவர் அழிக்காமல் வைத்திருந்ததால், அதைக் காட்டியவுடன் மூன்றாவதையும் சேர்த்துவிட்டார்கள்.